நிரம்பாத குழி

ஓய்வு பெற்றவர்களை அலுவலகம் இரண்டு காரணங்களுக்காகத்தான் நினைக்கும். ஒன்று, செத்துப்போனால் மலர்வளையம் அனுப்ப. மற்றது, புதிதாய் வந்த பிள்ளைகளுக்கு ஏதாவது கதைத்துவிட்டுப் போகச் சொல்ல. நான் இன்னும் சாகாதபடியால் போன மாதம் இரண்டாவதற்குக் கூப்பிட்டார்கள். தொலைபேசியில் பேசிய பிள்ளை, "மிஸ், நல்ல அனுபவங்களாச் சொல்லுங்கோ, கேக்கச் சந்தோசமா இருக்கவேணும்" என்றது. சந்தோசத்துக்கு வில்லுப்பாட்டுக்காரரைப் பிடித்திருக்கலாம்.

அலுவலக வாசலில் புதிதாக ஒரு செவ்வரத்தம்பூப் பாத்தி போட்டிருந்தார்கள். அதைச் சுற்றி, கைப்பிடி மொத்தத்தில் உருளைக் கற்களை நெட்டுக்கு நட்டு, வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அவை வெறும் கற்கள் அல்ல. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தைத் துளைத்தபோது பொறியின் குழாய்க்குள் அகப்பட்டு மேலே வந்தவை. கல்தண்டு என்போம். ஒவ்வொன்றும் எந்த ஊரில், எந்த ஆழத்தில் இருந்து வந்தது என்று அடையாளமிட்டு, மரப்பெட்டிகளில் வரிசை குலையாமல் அடுக்கி வைத்தவள் நான். ஒரு கல்தண்டை அதன் இடத்தை விட்டு எடுத்தால் பிறகு அது எதற்கும் உதவாத கல். அதைத்தான் செய்திருந்தார்கள். கேட்டால், "பெட்டியெல்லாம் கறையான் அரிச்சுப் போச்சு மிஸ், கல்லு வீணாக் கிடந்தது" என்று சிரித்தான் காவலாளி.

நான் நீர் சம்பந்தமான ஓர் அரச திணைக்களத்தில் நிலக்கீழ்நீர்ப் பிரிவில் வேலை செய்தவள். சனம் என்னைக் "கல்லு மிஸ்" என்று சொல்லும். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலைநாட்டில் கருங்கல்லைப் படிப்பித்தார்கள். படித்து முடித்து ஊருக்கு வந்தால், இங்கே கருங்கல் மருந்துக்கும் இல்லை. குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல். படித்ததை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது.

அதைப் படிப்பித்தவர் எங்கள் பிரிவின் தலைவர். எல்லோரும் அவரைப் பெரிய ஐயா என்போம். பெயர் வேண்டாம், அவர் இப்போது இல்லை. வெள்ளைச் சேட்டு, கையை ஒரு மடிப்பு மட்டும் மடித்திருப்பார். யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேட்டு நுனியால் துடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, திரும்ப மாட்டிக்கொண்டு, "பார்ப்பம்" என்பார். லீவுக்கும் பார்ப்பம், புதுப் பொறிக்கும் பார்ப்பம். அந்தப் பார்ப்பம் ஆமோ இல்லையோ என்று கண்டுபிடிக்க எனக்கு நெடுநாள் எடுத்தது. இல்லை என்றுதான் அர்த்தம்.

ஆனால் கல்லை அவரைப்போல் வாசித்த ஒருவரை நான் பிறகு காணவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். புதிதாக வந்த கல்தண்டைக் கையில் எடுத்ததும் முதலில் நாக்கால் தொடுவார். நாக்கில் ஒட்டினால் களிமண் கலந்தது. பிறகு ஒரு சொட்டு அமிலம் விடுவார். சுண்ணக்கல் என்றால் நுரைத்துப் பொங்கும். பிறகு வெயிலில் சரித்துப் பிடித்து, சிப்பியின் விளிம்பையோ பவளத்தின் கண்ணறையையோ விரல் நகத்தால் காட்டுவார்.

"பிள்ளை, உதைக் கல்லெண்டு நினையாதை. உது செத்த சீவன்" என்றார் முதல்நாள்.

உள்ளதைத்தான் சொன்னார். நாங்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் இந்த நிலம் ஒரு காலத்தில் ஆழமில்லாத கடல். சிப்பி, சங்கு, பவளம், கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் எல்லாம் செத்துச் செத்து அடியில் விழுந்தன. ஒன்றின்மேல் ஒன்று படிந்து, பாரத்தில் இறுகி, இடையில் சுண்ணாம்பு ஊறிக் கல்லாயின. பிறகு கடல் விலக, கல் வெளியே வந்தது. வெளியே வந்த நாளில் இருந்து மழை அதைத் தின்றுகொண்டிருக்கிறது. மழைநீர் ஆகாயத்திலும் மண்ணிலும் இருந்து கொஞ்சம் புளிப்பை எடுத்துக்கொண்டு இறங்கும். வெடிப்புக்குள் போகும். வெடிப்பு ஓட்டையாகும், ஓட்டை குழாயாகும், குழாய் குகையாகும். குகையின் முகடு இடிந்தால் மேலே குளம். கல் கரைந்து போனபின் கரையாமல் மிஞ்சிய அழுக்குத்தான் நீர்வேலிப் பக்கத்தில் வாழைக்குப் பொன்னாய் விளையும் செம்மண். இதெல்லாம் எங்கோ நடக்கிற காரியமும் அல்ல. யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டிலும் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாய் ஒட்டியிருப்பது கரைந்து வந்து திரும்பக் கல்லான கல். தேத்தண்ணியோடு நாங்கள் தினமும் கொஞ்சம் நிலத்தைக் குடிக்கிறோம்.

ஆகவே இங்கே தண்ணீர் மண்ணில் வடிந்து ஊறி மெதுவாய்ப் போவதில்லை. குழாயில் போகிறது. எந்தக் குழாய், எங்கே திறக்கும் என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது. என் உத்தியோகம் முழுக்க இந்த ஒன்றைச் சனத்துக்கு விளங்கப்படுத்துவதில்தான் போனது. தோல்வி என்றே சொல்லலாம். ஏனென்றால் எங்கள் சனத்துக்கு ஒரு பெருமை உண்டு. கக்கூஸ் குழி வெட்டும்போது கல்லில் பொந்து அகப்பட்டால் அதை அதிர்ஷ்டம் என்று நினைப்பார்கள். "எங்கடை குழி ஒருநாளும் நிரம்பாது" என்று கலியாண வீட்டில் இருந்து சொல்லும் ஆட்களை நான் கண்டிருக்கிறேன். நிரம்பாத குழி எங்கே போய் நிரம்புகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

போர் முடிந்து சனம் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், நீர்வேலிக்கு அப்பால் ஒரு செம்மண் காணியில் வீட்டுத்திட்டம் ஒன்று கட்டினார்கள். வருடக்கணக்காய் முகாமில் கிடந்த குடும்பங்களுக்கு. வரிசையாய் வீடு, பின்னால் வரிசையாய்க் கக்கூஸ், நடுவில் ஒரு பொதுக்கிணறு. கடைசிக் கக்கூசுகளுக்குக் குழி வெட்டும்போது பொந்து அகப்பட்டது. ஒப்பந்தக்காரனுக்குப் புளுகம், வெட்டுக்கூலி மிச்சம். மேற்கொண்டு வெட்டாமல் அந்தப் பொந்தையே குழியாக்கிச் சிலாபு போட்டு மூடிவிட்டான். யாரோ ஓர் அதிகாரிக்குச் சந்தேகம் வந்து, கல்லைப் பார்க்க எங்களைக் கேட்டார்கள்.

குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் துளை போட்டோம். பொறி ஓட்டுகிறவருக்குக் கைப்பிடியில் கல்லின் குணம் தெரியும். கடினம் என்றால் நடுக்கம், இளக்கம் என்றால் வழுக்கல். அன்று திடீரென்று துளைக்கும் தண்டு தன்பாட்டில் கீழே விழுந்தது. ஓர் ஆள் உயரத்துக்கு மேல். அதோடு, துளைக்குள் நாங்கள் விட்ட தண்ணீரும் மேலே திரும்பி வராமல் நின்றுவிட்டது. கீழே வெறும் வெளி. பெட்டியில் அந்த இடத்துக்குக் கல் இல்லை, ஆகவே ஒரு மரக்கட்டையை வைத்து "இல்லை" என்று எழுதினேன். இல்லாததற்கும் இடம் விட்டு வைப்பதுதான் முறை. அந்த வெளிக்கு மேலும் கீழும் வந்த கல்தண்டுகளின் முனை, சவர்க்காரம் தேய்ந்ததுபோல் மழுங்கி, செம்மண் பூசியிருந்தது. தண்ணீர் ஓடின கல். பெரிய ஐயா அதை நாக்கில் வைத்துப் பார்த்தார். திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

சாயம் விட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாய் நின்றேன். அது ஒரு சோதனை. தூளாய் இருக்கையில் செங்கல் நிறம். தண்ணீரில் விழுந்தால் பச்சைப் பசேலென்று ஒளிரும். உடம்புக்குக் கெடுதி இல்லை. அதைக் குழியில் கரைத்து ஊற்றி, பின்னால் நிறையத் தண்ணீர் விட வேண்டும். கிணற்றில் கரித்துண்டு கட்டிய சின்னத் துணிப்பைகளைத் தொங்கவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு சாயத்தையும் கரி பிடித்துவிடும். சாயம் தொட்டவர் கிணற்றடிக்குப் போகக்கூடாது. கையில் ஒட்டிய ஒரு பொட்டுத் தூள் போதும், சோதனை பொய்யாகிவிடும். ஆகவே நான் ஊற்றினேன், பை கட்டியவர் வேறு ஆள்.

எப்போது செய்வது என்பதில்தான் பிரச்சினை. மாரியில் செய்ய வேண்டும். கோடையில் நீர்மட்டம் கீழே இறங்கிவிடும், சாயம் ஏதாவது பொந்தில் தேங்கிக் கிடக்கும். இது பெரிய ஐயா எனக்குப் படிப்பித்தது. ஆனால் வீடு கையளிக்கும் நாள் குறித்தாகிவிட்டது. "இப்பவே செய், பிள்ளை" என்றார். ஆவணி வெயில், நிலம் வெடித்துக் கிடந்தது.

வருவதாய்ச் சொன்ன தண்ணீர்ப் பவுசர் வரவில்லை. பக்கத்துக் காணியில் வாழை செய்துகொண்டிருந்தவர் ஓடிவந்து உதவினார். மரியநாயகம் என்று பெயர். குருநகர்க் கடலில் வளர்ந்தவர். சண்டையில் வள்ளம் போனபின், மனைவி றீற்றாவோடு இங்கே குத்தகைக்குக் காணி எடுத்து வாழை வைத்தவர். மீன்காரனுக்கு வாழை வருமோ என்று ஊர் சிரித்திருக்கிறது. அவருடைய குலைகள் அந்த வட்டாரத்தில் முதல்தரம்.

"என்ரை மிசின் இருக்கு மிஸ், எவ்வளவு தண்ணியெண்டாலும் விடுறன்" என்று தன் கிணற்றில் இருந்து குழாய் இழுத்துக் குழிக்குள் விட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்றபோதும், போகும்போது ஒரு கதலிக்குலையை வாகனத்தில் ஏற்றியும் விட்டார். கக்கூஸ் பக்கம் காட்டி, "உது எங்கை போகும் மிஸ்?" என்று கேட்டார். அந்த ஊரில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்.

மூன்றே நாளில் பெரிய ஐயா கரிப்பைகளைக் கழற்றச் சொன்னார். சாயம் இல்லை. "தொடர்பு காணப்படவில்லை" என்று அறிக்கை போனது. பைகளை மாரி முடியும்வரை விட வேண்டும் என்று நான் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறார் என்று அப்போதே தெரிந்தது. சனம் குடிவந்தது. பால் காய்ச்சினார்கள்.

கார்த்திகையில் மழை இருந்து பெய்தது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்று கேள்விப்பட்டேன். மழைக்கால வருத்தம் என்றார்கள். பிறகு ஒருநாள் விடிய, பொதுக்கிணறு பச்சையாய் இருந்ததாம்.

கோடை முழுக்கப் பொந்தில் உறங்கிய என் சாயத்தை மாரி எழுப்பிவிட்டது. ஆனால் சோதனை நடந்தபோது அந்தச் சனம் அங்கே இல்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கிணறு பச்சை, பக்கத்தில் வாழைக்கு மருந்தடிக்கிறவன் ஒருவன். அவருடைய வாழைக்குள் அவர்களின் ஆடு போய், போன கிழமைதான் வாய்த்தர்க்கம் நடந்திருக்கிறது. போதாதா?

நான் போனபோது மரியநாயகத்தைக் கிணற்றுக் கட்டோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். சேட்டு கிழிந்திருந்தது. என்னைக் கண்டதும், "மிஸ், வந்திட்டீங்களே! சொல்லுங்கோ இவையளுக்கு. நீங்கள் ஊத்தின மருந்தெல்லோ இது?" என்றார். குழந்தை மாதிரி நம்பினார்.

"ஓம், உது நான் விட்ட சாயம். அவர் ஒண்டும் செய்யேல்லை" என்றேன்.

கூட்டம் கொஞ்சம் இளகியது. பரமேஸ் என்ற பெண், திட்டத்தின் சங்கத் தலைவி, நல்ல விவரமானவள், முன்னுக்கு வந்தாள். "சாயத்தை எங்கடை கிணத்துக்குள்ளை ஏன் விட்டனீங்கள்?"

"கிணத்துக்குள்ளை விடேல்லை. அந்தா, கடைசிக் கக்கூஸ் குழிக்குள்ளை விட்டனான். அங்கையிருந்து இஞ்சை வந்திருக்கு."

அவள் குழியைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள். "அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் எங்கடை பீயையோ குடிச்சனாங்கள்?"

"ஓம்" என்றேன்.

வேறு என்ன சொல்ல? அமிலம் விட்டால் பொங்குவது சுண்ணக்கல். அதை வேறொன்று என்று சொல்ல எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. ஆனால் அந்த ஓமுக்குப் பிறகு அந்த முகங்கள் இறுகியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அந்தத் தண்ணீரில்தான் குடிபுகுந்த அன்று பொங்கினார்கள். அந்தத் தண்ணீரில்தான் சாமிப்படத்துக்கு முன் செம்பு வைத்தார்கள். ஒருவன் நஞ்சு போட்டான் என்றால் ஊருக்குச் சொல்லி அழலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? மகளைப் பெண் கேட்டு வருகிறவனிடமா?

"உவ பொய் சொல்லுறா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "உவவின்ரை வாகனத்திலை உவன் குலை ஏத்தினதைக் கண்ட ஆக்கள் இருக்கினம்."

"அதுதானே! உவன்தானே குழாய் இழுத்துத் தண்ணி விட்டவனாம்!"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். அரை நிமிடத்தில் எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் வந்தது. அந்நேரம்தான் பெரிய ஐயாவின் வாகனம் வந்தது. சனம் அவரைச் சூழ்ந்துகொண்டது. "ஐயா, நீங்கள் சொல்லுங்கோ. உது சாயமோ, நஞ்சோ?"

ஒரு சொல் போதும். அவர் ஒரு வாளி அள்ளுவித்தார். தண்ணீரை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். அந்தப் பச்சை உலகத்தில் வேறு எதற்கும் கிடையாது, அவருக்குத் தெரியும். வாளியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"மாதிரி எடுத்துக்கொண்டு போறம். பார்ப்பம்" என்றார்.

சாயம் என்றால் பெரிய மனிதர் சாயம் என்றிருப்பாரே என்று சனம் முடிவு கட்டியது. மரியநாயகம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது வாகனத்தில் நான் கத்தினேன். என் வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியிடம் கத்தியது அன்று மட்டும்தான். அவர் வெளியே பார்த்தபடி மெதுவாய்ச் சொன்னார்: "பிள்ளை, அறிக்கை பிழையெண்டு நாங்களே சொன்னால் இந்தத் திட்டம் நிக்கும். இதுக்குப் பின்னாலை இருக்கிற திட்டமெல்லாம் நிக்கும். இன்னும் எத்தினை சனம் முகாமிலை கிடக்குது? யோசிச்சுப் பார்."

"அப்ப மரியநாயகம்?"

"அவன் குருநகரான்தானே. அவனுக்குக் கடல் இருக்கு."

அவர் கெட்டவராய் இருந்திருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர் நிம்மதியாய் உறங்கினார், நான் உறங்கவில்லை. நான் தனியாக மேலிடத்துக்கு எழுதினேன். பதில், களஞ்சியத்துக்கு மாற்றம். மிச்ச வருடங்கள் கல்லுப் பெட்டிகளுக்குத் தூசு தட்டினேன்.

திட்டத்துக்குக் குழாய்த்தண்ணீர் இழுத்தார்கள். பொதுக்கிணற்றைக் கம்பிவலையால் மூடினார்கள். குழியை ஒருவரும் தொடவில்லை. அது இன்றைக்கும் நிரம்பவில்லை. காவல்துறை மரியநாயகத்தைக் கூட்டிப் போய் விசாரித்துவிட்டு விட்டது, குற்றம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் திரும்பி வந்தபோது குலை தள்ளிய வாழையெல்லாம் வெட்டிச் சரித்துக் கிடந்தது. காணிக்காரர் குத்தகையை முறித்தார். சாமான் ஏற்றும் அன்று நான் போனேன். மரியநாயகம் முகம் கொடுக்கவில்லை. றீற்றாதான் வந்தாள்.

"மிஸ், நீங்கள் உண்மைதான் சொன்னனீங்கள். நான் இல்லையெண்ணேல்லை" என்றாள். "ஆனால் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் சனத்துக்கு இவரிலை சந்தேகம் மட்டும்தான் இருந்திருக்கும். நீங்கள் சொன்னாப் பிறகு அவையளுக்கு இவர் தேவைப்பட்டிட்டார்."

திரும்ப அந்த இடத்தில் நின்றாலும் ஓம் என்றுதான் சொல்வேன். அதனால் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

மரியநாயகம் குருநகரில் அடுத்தவரின் வள்ளத்தில் கூலிக்குப் போனார். கொஞ்ச வருடத்தில் நெஞ்சு வருத்தத்தில் காலமானார். செத்தவீட்டுக்குப் போனேன். றீற்றா எனக்குத் தேத்தண்ணி தந்தாள்.

போன மாதக் கூட்டத்துக்கு வருகிறேன். பெரிய ஐயாவின் படத்துக்குக் கீழே எனக்குக் கதிரை போட்டிருந்தார்கள். படத்திலும் கண்ணாடி துப்புரவாய்த்தான் இருந்தது. நான் கடலில் இருந்து தொடங்கினேன். சிப்பி, மழை, வெடிப்பு, குகை, செம்மண், கேத்தில் எல்லாம் சொன்னேன். பிள்ளைகள் ரசித்துக் கேட்டார்கள். கடைசியில் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார்கள். கஜன் என்ற இளம் அதிகாரி எழும்பினான். கெட்டிக்காரன், பல்கலைக்கழகத்தில் இதே கல்லைப் படித்தவன். பரமேஸின் அக்காவின் மகன் என்று பிறகு அறிந்தேன்.

"மிஸ், குழாய் வழியாத் தண்ணி ஓடுறது விளங்குது. ஆனால் எங்கடை ஊரிலை அப்பிடியில்லாமலும் ஒரு கிணறு பழுதாப்போனது. குருநகரான் ஒருத்தன் நஞ்சு போட்டவன். கிணறே பச்சையாப் போச்சு. நீங்கள் கேள்விப்பட்டிருப்பீங்களே?"

"ஓம், தெரியும்" என்றேன். "போட்டது நான்தான்."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. கஜனும் சிரித்தான். கல்லு மிஸ்சுக்கு இந்த வயதிலும் என்ன பகிடி என்று ஒரு பிள்ளை சொன்னது காதில் விழுந்தது. நான் விளக்கத் தொடங்கியபோது, நேரமாகிவிட்டது என்று ஒருத்தி பூச்செண்டைக் கொண்டுவந்து கையில் தந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

வெளியே வந்து செவ்வரத்தம் பாத்தியடியில் குனிந்து பார்த்தேன். மழுங்கிய முனையுள்ள கல்தண்டு ஒன்று இருந்தது. நகத்தால் பெயின்றைச் சுரண்டினேன். உள்ளே செம்மண் பூச்சு அப்படியே இருந்தது. அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே பஸ் ஏறிக் குருநகருக்குப் போனேன். றீற்றாவிடம் அதைக் கொடுத்து, இது அந்தப் பொந்தின் வாய்க் கல், இதற்குள்ளால்தான் வந்தது என்றேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதைக் கொண்டு போய் நான் ஆருக்கு மிஸ் காட்டுறது?" என்று கேட்டுவிட்டு, காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்த கதவுக்கு அதை அண்டை கொடுத்து வைத்தாள்.